வீட்டுச் சேவையகம்: வட சிலாங்கூர்த் தோட்டக் குடும்பங்களின் நோக்கில்

வீட்டுச் சேவையகம் என்பது ஒரு குடும்பத்தின் படங்கள், காணொளிகள், பாட்டுகள், ஆவணங்கள் அனைத்தையும் ஒரு கணினியில் சேர்த்து வைத்து, வீட்டுத் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிகளுக்கும் வழங்கிக்கொண்டே, அவற்றுக்குக் காப்புப்படியும் எடுத்துவரும் ஏற்பாடு. இதில் இரண்டு வேலைகள் அடங்கியுள்ளன. ஒன்று காட்டுவது, மற்றது காப்பாற்றுவது. புதிதாக இறங்குபவர்களுக்கான வழிகாட்டிகள் பெரும்பாலும் முதல் வேலையிலிருந்தே தொடங்குகின்றன. எத்தனை டெராபைட் வட்டு, எந்தச் செயலி, எத்தனை பேர் ஒரே நேரத்தில் படம் பார்க்கலாம் என்று கணக்குப் போடுகின்றன. ராசா, பத்தாங் காலி, பெஸ்தாரி ஜெயா போன்ற ஊர்களில் வாழும் தோட்டப் பின்னணியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவர்களிடம் இருப்பவற்றில் மறுபடி வாங்கக் கிடைக்காதது எது என்று முதலில் பிரித்துவிட்டால், அது அளவில் மிகச் சிறியது என்பது தெரியும். குறைந்த செலவில் நல்ல சேவையகம் அமைவது அந்தச் சிறிய அளவினால்தான்.

ராசா, உலு சிலாங்கூர் மாவட்டத்தில் ரவாங்–தஞ்சோங் மாலிம் ரயில் பாதையில் பத்தாங் காலிக்கும் கோல குபு பாருவுக்கும் இடையே உள்ள சிற்றூர். அதைச் சுற்றியும், மேற்கே கோல சிலாங்கூர் மாவட்டம் வரையிலும், முதலில் ரப்பரும் பிறகு செம்பனையும் விளைந்த தோட்டங்கள் பரவியிருந்தன. அவற்றில் பல கைமாறின; பல தாமான்கள் எனப்படும் குடியிருப்புகளாயின. லயத்து வீடுகள் இடிபட்டு, கோயிலும் பள்ளியும் இடம் மாற, குடும்பங்கள் ரவாங்குக்கும் கிள்ளானுக்கும் பிரிந்து போயின. வீட்டுரிமைக்காக நீண்ட காலம் குரல் கொடுத்துவந்த மேரி, மின்யாக், நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்களும் இந்த வட்டாரத்தவர்களே. ஒரு தோட்டம் எப்படி இருந்தது என்பதற்குச் சான்றாக நிருவாகத்தின் கணக்கேடுகள் சில அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் தீமிதித் திருவிழாவின் வீடியோ நாடா, லயத்து வாசலில் எடுத்த கல்யாணப் படம், பள்ளி ஆண்டு விழா மலர், மண்டோராக இருந்த தாத்தாவின் சம்பளச் சீட்டு ஆகியவை பெரும்பாலும் வீட்டு அலமாரியில் மட்டுமே இருக்கின்றன. படம் பிடிக்கப்பட்ட இடமே இல்லாமல் போன பிறகு, அந்த ஒரே பிரதி போனால் ஈடு செய்ய வழியில்லை.

இவற்றின் அளவைக் கணக்கிடலாம். 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் மலேசியக் கல்யாணங்கள் விசிடி வட்டுகளில் வந்தன. ஒரு வட்டின் கொள்ளளவு 800 மெகாபைட்டுக்குள்தான். 20 வட்டுகள் 16 கிகாபைட். விஎச்எஸ் நாடாவை நல்ல தரத்தில் எண்ணிம வடிவுக்கு மாற்றினால் மணிக்கு இரண்டு கிகாபைட்டுக்குச் சற்று மேல் பிடிக்கும். 20 மணி நேர நாடாக்களுக்கு 45 கிகாபைட் போதும். கைப்பேசிப் படம் ஒன்று நான்கு மெகாபைட் என்று கொண்டால் 20,000 படங்கள் 80 கிகாபைட். நிமிடத்துக்கு 130 மெகாபைட் என்ற கணக்கில் 20 மணி நேரக் கைப்பேசிக் காணொளி 156 கிகாபைட். எல்லாம் கூட்டினாலும் 300 கிகாபைட்டை ஒட்டியே நிற்கிறது. ஒரு டெராபைட் வெளிவட்டில் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாது. டெராபைட் கணக்கில் இடம் கேட்பவை திரைப்படங்கள். நான்கு கிகாபைட் வீதம் 300 படங்கள் சேர்த்தால் 1.2 டெராபைட், புளூரே தரத்தில் 50 படங்களே அதைத் தாண்டிவிடும். ஆனால் அவை தொலைந்தாலும் மறுபடி வாங்கலாம், ஏதாவதொரு இணைய ஓடைச் சேவையில் பார்க்கலாம். ஆக, பெரிய வட்டைக் கேட்பது அழிந்தாலும் பரவாயில்லாத பொருள். மூன்று பிரதி கேட்பது சிறிய வட்டில் அடங்கும் பொருள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எல்லாவற்றுக்கும் ஒரே காப்பு என்று திட்டமிடும்போதுதான் செலவு எகிறுகிறது. கள்ளப் பிரதியாகச் சேர்ந்த படங்களுக்குக் காப்புப்படி எடுப்பது பணவிரயம் மட்டுமல்ல, 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமை மீறலாகவும் ஆகக்கூடியது.

சேவையகம் வாங்குவதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. பழைய ஊடகங்களைப் படித்தெடுப்பது அது. மலேசியாவின் ஈரப்பதத்தில் வீடியோ நாடாவில் பூஞ்சை படிகிறது. வீட்டில் எரித்த குறுந்தகடுகளின் சாயப்படலம் மங்குகிறது. விசிடியின் நிலை இன்னும் மோசம். அதன் வடிவமைப்பில், தரவுத் தகடுகளுக்கு உள்ள பிழைதிருத்தக் குறிகளில் ஓர் அடுக்கை விட்டுவிட்டு, அந்த இடத்தையும் படத்துக்கே ஒதுக்கினார்கள். அதனால் சாதாரண தரவுத் தகடு தாங்கும் கீறலை விசிடி தாங்குவதில்லை. விஎச்எஸ் பெட்டிகளைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. இன்று ஓடும் பெட்டிகள் எல்லாம் பழையவை, ஆண்டுதோறும் குறைபவை. நாடாவை மாற்ற ஒரு பழைய விசிஆர், ஒரு யுஎஸ்பி பதிவுக் கருவி, நாடா ஓடும் அளவுக்குப் பொறுமை ஆகியவை வேண்டும். மூன்று மணி நேர நாடா மூன்று மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். விசிடியில் இந்தத் தொல்லை இல்லை. அதிலுள்ள கோப்பை அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம். எடுத்த மூலத்தை மாற்றாமல் வைத்துவிட்டு, பார்ப்பதற்கு மட்டும் ஹெச்.264 வடிவில் தனிப்படி செய்வது நல்லது. மூலத்தை அழித்துவிட்டுச் சுருக்கிய படியை மட்டும் வைத்திருப்பது பலர் செய்யும் பிழை. புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த படங்களும் இப்படிச் சுருக்கப்பட்டவைதாம். குடும்பக் குழுவில் எல்லோரிடமும் படம் இருக்கிறது என்ற நம்பிக்கை பொய். முழுப்படம் எடுத்தவரின் கைப்பேசியில் மட்டுமே இருக்கும்.

தமிழ் ஆவணங்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். அதன் வழியில் வந்த முரசு அஞ்சல் இந்நாட்டுத் தமிழ்க் கணினிப் புழக்கத்துக்கு அடித்தளமாக இருந்தது. யூனிகோடு பரவலாவதற்கு முன் கோயில் நிருவாகக் குறிப்புகளும் பள்ளி மலர்களும் சங்கக் கடிதங்களும் அந்தந்த எழுத்துருவின் குறியேற்றத்தில் தட்டச்சு செய்யப்பட்டன. அஞ்சல், டிஸ்கி, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த தாப், தாம் எனப் பல முறைகள் இருந்தன. இந்தக் கோப்புகளை எத்தனை வட்டில் நகலெடுத்தாலும், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படிக்க முடியவில்லை. எனவே இத்தகைய கோப்பு ஒவ்வொன்றுக்கும் மூலம், யூனிகோடாக மாற்றிய படி, அச்சிட்டது போலத் தோன்றும் பிடிஎஃப் படி ஆகிய மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருக் கோப்பையும் அதே கோப்புறையில் போட்டு வைப்பது கூடுதல் இடம் கேட்காது. மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கிடைக்கும்போதே செய்துவிடுவது நல்லது.

கணினிப் பெட்டி எது என்பது இதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த விஷயத்தில் காலம் அனுகூலமாக இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறையிலிருந்தே அதிகாரப்பூர்வமாக ஏற்கிறது. இதனால் ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலி கொண்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்சென்டர் வகை அலுவலகக் கணினிகள் பழைய பொருள் சந்தைக்கு வந்து சேர்ந்தன. விண்டோஸ் கழித்துவிட்ட ஏழாம் தலைமுறைச் செயலிக்குள் 10 பிட் ஹெச்இவிசி காணொளியை விரித்துத் தரும் வன்பொருள் இருக்கிறது. ஆறாம் தலைமுறையில் 8 பிட் வரைதான். லினக்ஸ் போட்டால் வீட்டுக்கு வேண்டிய வேலையை இத்தகைய கணினி சிரமமின்றிச் செய்யும். கோலாலம்பூரின் லோ யட் பிளாசாவிலோ இணையச் சந்தையிலோ சில நூறு ரிங்கிட்டில் ஒன்றைப் பிடிக்கலாம். வாங்கும்போது உள்ளங்கை அளவுப் பெட்டியைத் தவிர்த்து, மூன்றரை அங்குல வட்டுக்கு உள்ளே இடமுள்ள சற்றுப் பெரிய பெட்டியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. யுஎஸ்பி வடத்தில் தொங்கும் வட்டு அசைவில் துண்டிக்கப்படும். 2012இல் அறிமுகமான ராஸ்ப்பெரி பை கணினியைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். மின்சாரம் குறைவுதான். ஆனால் வட்டு, பெட்டி, மின்னிணைப்பு எல்லாம் தனியே வாங்கிச் சேர்த்தால் பழைய அலுவலகக் கணினியின் விலையை எட்டிவிடும். அதிலும் 2023இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஹெச்.264 காணொளிக்கான வன்பொருள் ஆதரவே கைவிடப்பட்டது.

இரவுபகலாக ஓடினால் மின்கட்டணம் எகிறாதா என்பது நியாயமான கேள்வி. ஒரு வட்டோடு சும்மா இருக்கும் இத்தகைய பெட்டி 20 முதல் 25 வாட் வரை இழுக்கும். 25 வாட் என்றால் மாதம் 18 யூனிட். 2014 முதல் 2025 ஜூன் வரை தெனாகா நேஷனல் வசூலித்த வீட்டுக் கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், 301 முதல் 600 யூனிட் வரை 51.60 சென். கூடுதலாகச் சேரும் யூனிட் எப்போதும் மேல் அடுக்கில்தான் விழும் என்பதால், குளிர்சாதனம் உள்ள வீட்டில் மாதம் 9 ரிங்கிட் 29 சென். அது இல்லாத சிறு வீட்டில் 4 ரிங்கிட்டுக்குள். பிறகு கட்டண முறை மாறினாலும் கணக்கு இந்த அளவிலிருந்து வெகுதூரம் போகாது. பழைய விளையாட்டுக் கணினியை, தனி வரைகலை அட்டையோடு, சேவையகமாக்கினால்தான் கட்டணம் உறுத்தும்.

மென்பொருளுக்குச் செலவே வேண்டாம். டெபியன் லினக்ஸின் மேல் அமைந்த ஓப்பன்மீடியாவால்ட் உலாவி வழியாகவே வட்டுகளையும் பயனர்களையும் நிருவகிக்க விடுகிறது. கட்டளை வரி தெரியாதவருக்கு இதுவே சுலபமான வாசல். தொலைக்காட்சிக்குப் படம் வழங்க ஜெல்லிஃபின் இருக்கிறது. எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து கிளைத்து வந்தது இது. பெயர் பெற்ற பிளெக்ஸ், வெளியூரிலிருந்து சொந்தக் கோப்பைப் பார்ப்பதற்கு 2025 ஏப்ரல் முதல் கட்டணம் கேட்கிறது. கைப்பேசிப் படங்களைத் தானாக இறக்கிக்கொள்ள இம்மிச் நல்ல கருவி. கணினிக் கோப்புறைகளை ஒத்திசைக்க சிங்க்திங். பழைய நிலைகளையும் சேர்த்துவைக்கும் காப்புப்படிக்கு ரெஸ்டிக் அல்லது போர்க். இவற்றை எல்லாம் முதல் வாரத்திலேயே நிறுவுவது தேவையற்ற ஆர்வம். கோப்புப் பகிர்வும் காப்புப்படியும் ஒழுங்காக ஓடிய பிறகு ஜெல்லிஃபின் வைத்தால் போதும். படம் பார்க்கும் வசதி வந்துவிட்டால் காப்புப்படி வேலை தள்ளிப்போவது மனித இயல்பு.

மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்னும் விதியை அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ ஒளிப்படக்காரர்களுக்கான தம் நூல் வழியே பரவலாக்கினார். இரண்டு வட்டுகளை ரெய்டு முறையில் இணைத்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். ஒரு வட்டு பழுதானால் மற்றது ஓடிக்கொண்டிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் தவறி அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நொடியில் அழிகிறது. திருட்டும் இடியும் வெள்ளமும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனம் தன் வட்டுகளைப் பற்றி வெளியிட்ட கணக்கில் 2024ஆம் ஆண்டின் பழுதுவீதம் 1.57 விழுக்காடு. அதே வீதம் நீடித்தால், ஐந்தாண்டில் ஏறத்தாழ பதின்மூன்று வட்டுகளில் ஒன்று போகும். அதுவும் குளிரூட்டிய அறையில் இருப்பவற்றின் கணக்கு. வட்டுப் பழுது பயப்பட வேண்டியதுதான், ஆனால் இந்த வட்டாரத்தில் முதல் ஆபத்து அது என்று சொல்ல முடியாது. மேற்குக் கரை மாநிலங்கள் உலகிலேயே இடி மிகுந்த பகுதிகளைச் சேர்ந்தவை. செம்புக் கம்பியில் இணையம் வந்த காலத்தில் தொலைபேசி வழியாகவும் மின்னல் மோடத்துக்குள் இறங்கியது. கண்ணாடியிழை மின்சாரம் கடத்தாது என்பதால் அந்த வாசல் அடைபட்டுவிட்டது. மின்செருகியும் வீட்டுக்குள் ஓடும் பிணைய வடமும் இன்னும் திறந்தே இருக்கின்றன. மின்னெழுச்சித் தடுப்பும் சிறிய யுபிஎஸ்ஸும் ஆடம்பரம் ஆகா. மின்சாரம் போனதும் சேவையகத்தை ஒழுங்காக அணைக்கும்படி யுபிஎஸ்ஸை யுஎஸ்பி வழியே இணைத்துவிடவும் வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றி இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராசாவின் பக்கத்து ஊரான கோல குபுவில் 1883 அக்டோபர் 29 அன்று பழைய அணை உடைந்து ஊர் அடித்துச் செல்லப்பட்டது. பிறகும் வெள்ளம் விடாததால் 1930களின் தொடக்கத்தில் ஊரையே மேட்டுக்கு மாற்றி, கோல குபு பாரு என்று புதிதாக எழுப்பினார்கள். 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை சிலாங்கூரின் பல பகுதிகளை மூழ்கடித்தது. இதிலிருந்து மூன்றாம் பிரதியை எங்கே வைப்பது என்பதற்கு நேரான விடை கிடைக்கிறது. சிலாங்கூர் ஆறு கோல குபு பாரு பக்கத்திலிருந்து இறங்கி பெஸ்தாரி ஜெயா வழியாகக் கோல சிலாங்கூரில் கடலைச் சேர்கிறது. ராசாவில் சேவையகமும் பெஸ்தாரி ஜெயாவில் அத்தை வீட்டில் காப்பு வட்டும் இருந்தால், வேறிடம் என்ற பெயர் இருக்கிறதே தவிர, இரண்டும் ஒரே ஆற்றின் படுகை. ஈப்போவிலோ சிரம்பானிலோ உள்ள உறவினர் வீடு மேல். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் குடும்பம் கூடும்போது வட்டை மாற்றிக்கொள்ளலாம். ஓரிடத்தில் மட்டும் இருந்த தொகுப்பு என்ன ஆகும் என்பதற்குத் தமிழரிடையே பெரிய சான்று ஒன்று உண்டு: 1981 மே 31 இரவு எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன, அச்சு நூல்களைத் தேடிச் சேர்க்க முடிந்தது, ஒற்றைப் பிரதியாக இருந்த சுவடிகள் திரும்பவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிமத் திட்டம் ஈழத்து நூல்களை இணையத்தில் எவரும் படிக்கும்படி வைத்ததன் பின்னணியில் அந்த இழப்பு இருக்கிறது.

மேகச் சேமிப்பு இருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்பதே எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு. அதை ஒதுக்கிவிட முடியாது. 300 கிகாபைட்டை, நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றுவேகம் உள்ள இணைப்பில் ஏறத்தாழ மூன்று நாளில் அனுப்பிவிடலாம். மறையாக்கம் செய்து அனுப்பினால் அது நல்ல வேறிடப் பிரதி. ஆனால் ஒரே பிரதியாக அதை நம்பக் கூடாது. கூகுள் ஃபோட்டோஸ் அளவற்ற இலவசச் சேமிப்பை 2021 ஜூன் 1 முதல் நிறுத்தியது. இரண்டாண்டு பயன்படுத்தாத கூகுள் கணக்குகள் நீக்கப்படலாம் என்ற விதி 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. தாத்தாவின் கைப்பேசியில் இருந்த கணக்கு, அவர் மறைந்தபின் யாரும் நுழையாமல் கிடந்தால், படங்கள் எந்தச் சத்தமும் இல்லாமல் போகும். ஆயத்தச் சேமிப்புப் பெட்டி வாங்கிவிடலாம் என்பவர்களுக்கும் பதில் உண்டு. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் உலகெங்கும் வெளியாரால் துடைக்கப்பட்டன. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத் தீநிரல் கியூநாப் பெட்டிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இரண்டிலும் சிக்கியவை இணையத்துக்கு நேராகத் திறந்திருந்த பெட்டிகள். சொந்தமாகக் கட்டிய சேவையகத்துக்கும் இதே கதி நேரும். எனவே திசைவியில் எந்த வாசலையும் திறக்காமல், வெளியூர் அணுகலுக்கு வயர்கார்டு அல்லது டெய்ல்ஸ்கேல் வழித்தடத்தை மட்டும் பயன்படுத்துவது கட்டாயம்.

இரண்டு வெளிவட்டுகளை வாங்கி மாறி மாறி நகலெடுத்தால் சேவையகமே வேண்டாமே என்பவர்கள் பாதி சரி. பராமரிக்க ஆளில்லாத சேவையகத்தைவிட ஒழுங்காக நகலெடுக்கும் இரண்டு வட்டுகள் மேலானவை. சேவையகத்தின் மேன்மை தானியக்கத்தில் இருக்கிறது. பேரப்பிள்ளையின் கைப்பேசி வீட்டு வைஃபையைத் தொட்டதும் படங்கள் இறங்கிவிடும். யாரும் நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தானியக்கம் ஓசையின்றி நின்றுபோகவும் கூடும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சில கோப்புகளைக் காப்பிலிருந்து மீட்டுப் பார்ப்பது வேலையின் ஒரு பகுதி. வேறிடத்து வட்டுக்கு ஒரு தனி ஏற்பாடு நன்று. சேவையகத்தின் உள்வட்டு லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவில் இருக்கலாம். ஈப்போ உறவினரின் விண்டோஸ் கணினி அதை அப்படியே திறக்காது. அங்கே போகும் வட்டை எக்ஸ்ஃபாட் வடிவில், மறையாக்கமும் சுருக்கமும் இல்லாத சாதாரணக் கோப்புகளாக, ஆண்டும் நிகழ்ச்சியும் தமிழில் பெயரிட்ட கோப்புறைகளோடு எழுத வேண்டும். அடையாள அட்டை, நிலப் பத்திரம் போன்ற ஆவணங்களை மட்டும் அதில் சேர்க்காமல், மறையாக்கிய வேறொரு பிரதியாக வைத்து, கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு போட்டு வைக்கலாம்.